அராஜகமா, அரசின்மையா?

"தலைமடைக்காரன் அராஜகம் பண்றான் தோழர், கீழ தண்ணியே வரல." மேட்டூர் திறந்த பிறகு திருத்துறைப்பூண்டிப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் இது காதில் விழும். இங்கே அராஜகம் என்றால் வலுத்தவன் செய்யும் அட்டூழியம். அதே சொல்லைத்தான், அரசே வேண்டாம் என்னும் கொள்கையான அனார்க்கிசத்துக்கும் எழுதிவருகிறோம், 'அராஜகவாதம்' என்று. சிக்கல் அங்கேதான்.

மூலம் கிரேக்கம். 'அன்' என்றால் இல்லாத, 'ஆர்க்கோஸ்' என்றால் ஆள்பவன். வடமொழி 'அராஜக'மும் அச்சாக அதே கட்டுதான். ஆனால் அரசன் இல்லாத நாட்டில் பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்று மகாபாரதம் சொல்லிவைத்ததில், சொல்லோடு அச்சமும் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பாவிலும் 'அனார்க்கிஸ்ட்' என்பது வசைதான். 1840இல் பிரெஞ்சுக்காரர் புரூதோன் அதைத் தனக்கே சூட்டிக்கொண்டார்.

சரி, 'அரசின்மை' என்று மாற்றினால் போதுமா? எனக்கு நிறைவில்லை. அரசில்லாத பொதுவுடைமைதான் மார்க்சியரும் போய்ச் சேர நினைக்கிற ஊர். சண்டை வழியைப் பற்றியது. உழைப்பவர் முதலில் அரசைக் கையில் எடுக்கட்டும், வர்க்கங்கள் ஒழிந்தபின் அதற்கு வேலை இருக்காது என்பது மார்க்சியம். மார்க்சின் தோழர் எங்கெல்ஸ் இதற்கு எடுத்தாண்ட ஜெர்மன் சொல் செடி பட்டுப்போவதற்கும் வழங்குவது. கதிர் முற்றியதும் தாள் தானாகப் பழுத்துக் காயுமே, அப்படி. 'உலர்ந்து உதிர்தல்' என்பது நல்ல தமிழ்.

ரஷ்ய அனார்க்கிஸ்ட் பக்கூனினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அரசைப் பிடித்தவர்களே புது எசமானர்கள் ஆவார்கள் என்றார். 1872 ஹேக் மாநாட்டில் முதல் அகிலம் என்ற பன்னாட்டுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். பொதுவுடைமை வேண்டும், இடைக்கால அரசு வேண்டாம் என்றார் இன்னொரு ரஷ்ய அனார்க்கிஸ்டான குரோபோட்கின்.

ஆக, என் தேர்வு 'அரசு மறுப்பியம்'. இன்மை இரு தரப்புக்கும் பொது. மறுப்பு இவர்களுக்கே உரியது.

அரசில்லாமல் ஊர் நடக்கும் என்பதற்குக் குடிமராமத்தைக் காட்டலாம். ஊர் கூடி வாய்க்கால் வெட்டியது உண்மை. ஆனால் சேற்றில் இறங்கியது யார், கரையில் நின்றது யார்? சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த கீழத்தஞ்சையில், போராடிப் பெற்ற 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அரசு போட்டதுதான். இங்கே செங்கொடிக்காரர்கள் அரசை எடுத்த எடுப்பில் மறுக்காததில் வியப்பில்லை.

மிராசுதாரும் ஓர் ஆர்க்கோஸ், அவரையும் சேர்த்தே மறுக்கிறோம் என்பார் அரசு மறுப்பியர். நியாயம்தான். அந்தக் கணக்கில் 'ஆதிக்க மறுப்பு' இன்னும் பொருந்தும். ஆனால் சாதி ஒழிப்பு, பெண் விடுதலை எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் பொருந்திவிடும் என்பதால் அரசோடு நிறுத்திக்கொண்டேன்.