கண்ணாடிக்குப் பின்னால் காயும் வெயில்

போன வாரம் மட்டும் வைட்டமின் டி குறைபாட்டோடு என்னிடம் வந்தவர்கள் மூன்று பேர். மூன்றாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற டீச்சர், கோத்தகிரிப் பக்கம் வீடு. இரண்டு வருடமாக இடுப்பிலும் தொடையிலும் வலி. மூட்டுத் தேய்மானம் என்று யாரோ சொல்லிவிட, தைலம், பெல்ட், வலி மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுந்தார். நடக்கும்போது உடம்பு இரு பக்கமும் அசைந்தது. எலும்புக்கும் தசைக்கும் பலம் தரும் வைட்டமின் டி, ரத்தத்தில் அளவு 7. 20க்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறோம்.

“எனக்கு எப்படி டாக்டரம்மா? தினமும் ரெண்டு மணி நேரம் வெயில்லதானே உட்கார்ந்திருக்கேன்.”

எங்கே என்று கேட்டேன். கண்ணாடி வராந்தாவில்.

இந்த மலையில் பாதி வீட்டில் இப்படி ஒரு கண்ணாடி வராந்தா இருக்கிறது, எல்லோரும் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள். அதனால் பொறுமையாக இன்னொரு முறை சொல்கிறேன். கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், சூடு வரும். தோலில் வைட்டமின் டி உண்டாகத் தேவைப்படும் புற ஊதா பி கதிர் வராது. சாதாரண சன்னல் கண்ணாடியே அதை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். புற ஊதா ஏ கதிரில் பெரும்பங்கு உள்ளே வந்துவிடும். அதனால் மாதக்கணக்கில் அங்கே உட்கார்ந்தால் தோல் கறுக்கும், சுருங்கும், டி மட்டும் கிடைக்காது. “சூடா இருக்கே டாக்டர்” என்கிறார்கள். அடுப்புகூடத்தான் சூடாக இருக்கிறது.

அடுத்தது, காலை ஆறரை மணி இளவெயில். நடைக்கு நல்லது, நடங்கள். ஆனால் சூரியன் சரிந்திருக்கும் நேரத்தில் அந்தப் புற ஊதா பி கதிர் தரைக்கு வருவதே சொற்பம். கடிகாரம் வேண்டாம், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களை விடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் நேரம். நம் ஊரில் மார்கழியில்கூட நண்பகலை ஒட்டி அப்படித்தான் இருக்கும்.

குளிர் ஊர், வெயில் கிடையாது என்று ஊரைக் குறை சொல்வதையும் ஏற்க மாட்டேன். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடத்தான் செய்யும். சமவெளியிலிருந்து வருபவர்கள் இரண்டு நாளில் முகம் கறுத்துப்போய் இறங்குவதைப் பார்க்கிறோமே. ஆடி மாத மழை மூட்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தை, மாசியில் பளிச்சென்று வெயில் அடிக்கும்போதும் ஸ்வெட்டர், சால்வை, குல்லா, சாக்ஸ் என்று மூடிக்கொண்டால் அந்தக் கதிர் எங்கே விழும்? நாள் முழுக்க வெளியில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்களிடமும் இந்தக் குறைபாட்டைப் பார்க்கிறேன். முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, இடுப்புக்குக் கீழே தார்ப்பாய். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அட்டைக்கும் ஈரத்துக்கும் வேறு வழியில்லை.

கையில் முழங்கை வரை, காலில் முழங்காலுக்குக் கீழே, அரை மணி நேரம், வாரத்தில் நாலைந்து நாள் வெயில் படட்டும். மங்கு வரும் என்று பயந்தால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள். முட்டை மஞ்சள் கருவிலும் மத்தி மீனிலும் கொஞ்சம் கிடைக்கும். அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

சரி, இப்போது திட்டு. 60,000 யூனிட் வைட்டமின் டி பொடிப் பாக்கெட்டை நான் வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதித் தருகிறேன். ஒருவர் அதைத் தினமும் பாலில் கலந்து குடித்திருக்கிறார், கூடவே கால்சியம் மாத்திரை. தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் தடுமாறும் நிலையில் வந்து சேர்ந்தார். இது சிறுநீரில் போய்விடும் வைட்டமின் இல்லை. கொழுப்பில் தங்கும். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். முடி கொட்டினால், அசதி என்றால் உடனே டி பரிசோதனைக்கு ஓடவும் வேண்டாம். இங்கே பாதிப் பேருக்கு முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகையும் தைராய்டும். ஆனால் குழந்தைக்குக் கால் வளைகிறதென்றால், பெரியவர் தரையிலிருந்து எழத் திணறுகிறார் என்றால், தைலம் தேடாமல் வாருங்கள்.

டீச்சர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

“வராந்தாக் கண்ணாடியைத் திறந்து வெச்சுக்கிட்டா போதுமா?”

போதும், வெயில் நேராகத் தோலில் விழுந்தால் போதும் என்றேன். “குளிருமே” என்றார்.