படலையில் ஒட்டிய தாள்

கொரோனாக் காலத்தில் யாழ்ப்பாணத்துச் சனங்கள் சுகாதார விதிகளை மதிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக அந்த இரண்டு வருடமும் ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்தவன் நான். மதித்தார்கள். எதை மதித்தார்கள், யாருக்கு முன்னால் மதித்தார்கள் என்பதில்தான் சிக்கல்.

கை கழுவுவது எங்களுக்குச் சுலபமாக வந்தது. செத்தவீட்டுக்குப் போய் வந்தால் கிணற்றடியில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்போம். அம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். தொட்டால் ஒட்டும் என்பது பழகிய கணக்கு. கடை வாசலில் வாளியும் சவர்க்காரமும் வையுங்கள் என்றபோது ஒருவரும் தர்க்கப்படவில்லை. மூச்சுக்காற்றில் பரவும் என்பதுதான் மண்டையில் ஏறவில்லை. 2020 ஒக்டோபரில் வர்த்தமானி வந்தது: மாஸ்க், ஒரு மீற்றர் இடைவெளி, மீறினால் 10,000 ரூபா வரை தண்டம் அல்லது 6 மாதம் வரை சிறை. அதற்குப் பிறகு மாஸ்க்கும் ஹெல்மெட் மாதிரி ஆகிவிட்டது. பொலிஸ் நிற்கும் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் மூக்குக்கு ஏறும். தாண்டியதும் நாடிக்கு இறங்கும்.

பிறத்தியாருக்கு முன்னால் போட்டார்கள், சொந்தக்காரருக்கு முன்னால் கழற்றினார்கள். அதை நான் பார்த்தது செத்தவீடுகளில். கொரோனாவால் இறந்தவரின் உடலை அப்போது வீட்டுக்குக் கொண்டுவர விடுவதில்லை; மற்றச் சாவுகளைத்தான் சொல்கிறேன். படலை வரை எல்லாருக்கும் மாஸ்க் இருக்கும். உள்ளே போனால் பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஓர் அம்மா என்னிடம் நேரே கேட்டார்: "என்ன தம்பி, எங்கட அண்ணையைப் பார்த்து அழுறதுக்கும் மாஸ்க் வேணுமோ?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. சுற்றறிக்கையிலும் இல்லை. அப்புறம் அழுகையைத் தடுப்பதை விட்டுவிட்டேன், அழும் இடத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். உடலை அறைக்குள் வைக்காமல் முற்றத்துப் பந்தலில் வைக்கச் சொன்னேன். வெளிக்காற்றில் கிருமி கலைந்துபோகும். தேத்தண்ணியை நிறுத்தி, போகும்போது படலையில் தண்ணீர்ப் போத்தல் கொடுக்கச் சொன்னேன். வட்டமாக இருந்து தேத்தண்ணி குடிக்கும் அந்தக் கால்மணி நேரம்தான் ஒருவர் முகத்திலும் மாஸ்க் இருக்காத நேரம். வாசலில் நான் நிற்பதை விட்டு அந்த வீட்டுப் பெரியப்பா ஒருவரை நிற்கவைத்தேன். அவர் சொன்னால் கேட்டார்கள். நான் சொன்னால் அது சட்டம்.

சரி, மாஸ்க் கண்ணுக்குத் தெரியும் விஷயம். என்னைப் பயப்படுத்தியது கண்ணுக்குத் தெரியாத காய்ச்சல்.

2020 மார்ச்சில், அரியாலையில் தேவாலய ஆராதனை நடத்திய சுவிஸ் போதகருக்குத் தொற்று என்ற செய்தி வந்ததில் இருந்தே தொற்று என்றால் ஊருக்கு ஒரு பழி மாதிரி. ஒழுங்கைக்குள் அம்புலன்ஸ் ஊதிக்கொண்டு வரும், முழுக்கவச உடுப்போடு ஆட்கள் இறங்குவார்கள், படலையில் தனிமைப்படுத்தல் தாள் ஒட்டப்படும். அந்தத் தாளை ஒட்டியவன் நான்தான். 2021 ஓகஸ்டில் ஒரு வீட்டில் பெரியவருக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். கேட்டால் "சும்மா தடிமன்" என்றார்கள். மல்லித்தண்ணியும் பனடோலும் போய்க்கொண்டிருந்தது. விரலில் கருவியை மாட்டினேன்: இரத்தத்தில் ஒட்சிசன் 84 வீதம். 94க்குக் கீழே போனாலே ஆபத்து. மகள் அழுதுகொண்டு சொன்னார்: "மறைக்கேல்லை அண்ணை. அம்புலன்ஸ் சத்தம் போடாமல் வருமோ எண்டுதான் யோசிச்சனாங்கள்."

அந்த ஐந்து நாளுக்கு நாங்களும் பொறுப்பு. அதன் பிறகு என் பகுதியில் அம்புலன்ஸை ஒழுங்கைத் தலைப்பிலேயே, சத்தமில்லாமல் நிறுத்தச் சொன்னேன். தாளைப் படலைக்கு உட்பக்கம் ஒட்டினேன்; அது விதிப்படி சரியா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சில கிழமைகளில் ஆட்கள் தாங்களாகவே போன் எடுக்கத் தொடங்கினார்கள். பெரியவர் பிழைத்து வந்தார். சந்தையில் கண்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்போதும் மழைக்காலம் வந்தால் டெங்கு. 2024 டிசம்பரில் வடமராட்சியில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது. வயலில் இறங்குபவர்களுக்கு அதைத் தடுக்கும் டொக்ஸிசைக்ளின் குளிசை கொடுத்தோம். வாங்கினார்கள், பலர் சட்டைப்பைக்குள் வைத்தார்கள். அதனால் இப்போதெல்லாம் தண்ணீர் கொண்டுபோய் என் முன்னாலேயே விழுங்கச் சொல்கிறேன்.

காய்ச்சல் வந்தால் பனடோலைத் தவிர வேறு நோக்குளிசை எதையும் போடாதீர்கள். டெங்கு என்றால் அந்தக் குளிசைகளால் இரத்தம் கசியலாம். வீட்டுக்குள்ளும் நோயாளி மாஸ்க் போடட்டும், யன்னலைத் திறந்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் காய்ந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் நாள் பார்க்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள், காசு கேட்கமாட்டார்கள். சத்தம் போடாமல் வரச்சொல்லியும் கேட்கலாம்.