சவரக்கத்திக்குத் தோல்வார்: செய்யும்போது கவனிக்க வேண்டியவை

மழிக்கும்போது கத்தி இழுத்தால், தோல் எரிந்தால், பலரும் உடனே சாணைக்கல்லை எடுக்கிறார்கள். குறை பல நேரங்களில் கத்தியில் இருக்காது, கத்தியை இழுத்துத் தீட்டும் தோல்பட்டையான தோல்வாரில் இருக்கும். கத்திக்குக் கூர்மை கொடுப்பது கல். அந்தக் கூர் விளிம்பை நேராக்கி மெருகேற்றுவது வார். ஒரு முறை மழித்ததுமே கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கண்ணுக்குத் தெரியாத அளவில் அங்கங்கே மடங்கிவிடுகிறது. தட்டையான, விறைப்பான தோலில் இழுத்தால் அது நிமிரும். தொய்ந்த தோலில் இழுத்தால் வாய் உருண்டு, கத்தி மொண்ணையாகும்.

ஒரு முனையை மாட்டி மறு முனையைக் கையால் இழுத்துப் பிடிக்கும் தொங்கும் வாருக்கு 2.5 முதல் 3.5 மி.மீ. தடிமனுள்ள மாட்டுத்தோல் போதும். நீளம் 60 செ.மீ., அகலம் 7 முதல் 7.5 செ.மீ. கத்தியின் வாயின் நீளமும் ஏறத்தாழ இந்த அகலம்தான். அகலம் இதைவிடக் குறைந்தால் கத்தியைச் சாய்வாக நகர்த்தி இழுக்க வேண்டியிருக்கும்.

தாவரச் சாற்றில் பதனிட்ட தோலையே வாங்குங்கள். குரோமில் பதனிட்டது பெரும்பாலும் மெத்தென்று இழுபடும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: குரோம் தோலின் நடுவே பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும், தாவரப் பதனீட்டுத் தோல் உள்வரை பழுப்பாக இருக்கும். சாயமோ பூச்சோ ஏறாத தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக் கருக்கும்.

தோலின் எந்தப் பகுதியிலிருந்து வெட்டுகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. முதுகுப் பகுதியில், முதுகெலும்பு ஓடும் திசையிலேயே வெட்ட வேண்டும். வயிற்றுத்தோல் நெகிழும். அதில் செய்த வார் சில மாதங்களில் ஒரு ஓரம் நீண்டு, நடுவில் முறுக்கிக்கொள்ளும். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் இரண்டு மூன்று முறை மெல்ல ஓட்டி வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் ஓரம் சாயும்.

வெட்டிய தோலை ஈரப் பஞ்சால் துடைத்து, பளிங்குப் பலகையில் மேற்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, கண்ணாடிப் போத்தலால் அழுத்தி உருட்டுங்கள். பிறகு சமமான பலகை இரண்டுக்கு நடுவே பாரம் வைத்து நிழலில் ஒரு நாள் உலர விடுங்கள். வெயிலில் போட்டால் விறைத்து வளையும். மேடு தெரிந்தால் மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால், 400 எண் தாளில் தொடங்கி 600 எண் தாளில் முடித்து, லேசாகத் தேயுங்கள். விரலில் சுற்றித் தேய்த்தால் புதுப் பள்ளம் விழும். தேய்த்தபின் தூசியை விடாமல் துடையுங்கள்: உப்புத்தாளின் ஒரு துகள் தோலில் தங்கினாலும் கத்தியின் வாயில் கீறல் விழும். வாரின் மேல் பஞ்சை இழுத்துப் பாருங்கள். இழை சிக்கும் இடத்தில் இன்னும் சொரசொரப்பு இருக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் கை தாராளமாகிவிடும், அங்கேதான் வார் கெடும். தோலுக்கென்றே விற்கும் எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு போதும். அதை உள்ளங்கையில் தேய்த்து, சூடு பறக்க வாரில் தேயுங்கள். அதிகமானால் தோல் பஞ்சு போல் அமுங்கும். சமையல் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும்.

இரு முனைகளிலும் கடைசி 4 செ.மீ. தோலைச் சதைப்பக்கமாகச் சீவிப் பாதித் தடிமனாக்கி, டி-வளையத்தில் மடித்து, இரண்டு ரிவெட் அடியுங்கள். முதலில் வாரின் நட்டநடுவே நீளவாக்கில் பென்சில் கோடு போட்டு, ரிவெட் துளைகளை அதிலிருந்து இருபுறமும் சம தூரத்தில் அளந்து குத்த வேண்டும். துளை சில மி.மீ. விலகினாலும் இழுக்கும்போது ஒரு ஓரம் விறைக்கும், மறு ஓரம் தொய்யும். தொய்ந்த ஓரம் கத்தியின் நுனியையோ அடியையோ மொண்ணையாக்கிவிடும். ரிவெட் தலை கத்தி ஓடும் பாதையில் வரவே கூடாது.

பின்பக்கத்துக்கு அதே அகலத்தில் பருத்திக் கான்வாஸ் பட்டை ஒன்றையும் மேல் வளையத்தில் கோத்துக்கொள்ளலாம். தோலோடு ஒட்டிவிடாதீர்கள், இரண்டையும் தனித்தனியாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையைத் தினசரி வாரில் பூசாதீர்கள். அது உலோகத்தைத் தேய்க்கும் பொருள், அதற்கென்று வேறு துண்டு வையுங்கள்.

இழுக்கும்போது கத்தியின் முதுகும் வாயும் சேர்ந்து தோலில் படிய வேண்டும். முதுகு முன்னே போக, வாய் பின்னே வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்டுங்கள். வாயின் மேல் புரட்டினால் வார் வெட்டுப்படும். கத்தியின் எடைக்கு மேல் அழுத்தம் வேண்டாம். கான்வாஸில் 20, தோலில் 50 இழுப்பு போதும். அதற்கும் முடி வெட்டுப்படவில்லை என்றால் கத்திக்குக் கல் தேவை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வார் ஒருவரின் கத்திக்கு மட்டுமே. தோலைக் கொதிக்க வைக்க முடியாது, சுருங்கிவிடும். கிருமிநாசினியில் ஊற வைத்தாலும் பாழாகும். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்திலும், 7 நாளாவது உயிர்ப்போடு இருக்கும். வீட்டில் அப்பாவும் மகனும் மழித்தாலும் கத்தியும் வாரும் தனித்தனியாக இருக்கட்டும். மழிப்புக் கடையில் முந்தைய ஆளுக்குப் பயன்படுத்திய கத்தியை வாரில் இழுத்துவிட்டு உங்களிடம் கொண்டுவந்தால், கன்னத்தில் நுரை இருந்தாலும் பரவாயில்லை, நிறுத்தச் சொல்லிப் புது பிளேடு கேளுங்கள்.