"கடையில் வேலை" என்றால் எனக்கு விளங்காது, தம்பி

"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால், என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள்: "கடையில் வேலை, மிஸ்."

கொழும்பு வெள்ளவத்தையில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இருக்கிறேன். அதற்கு முன் சில ஆண்டுகள் அரசாங்க வைத்தியசாலையில் வேலை செய்தேன். புறக்கோட்டைக் கடைகளிலும், கிராண்ட்பாஸ், முகத்துவாரம் பக்கத்துக் களஞ்சியங்களிலும் அடிபட்டவர்களை அன்றிலிருந்து பார்த்துவருகிறேன். கடையில் வேலை என்பதற்குள் புடவை மடித்து வைப்பதும் அடங்கும். 50 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றி, குறுகலான மரப்படியில் மேல்மாடிக்குக் கொண்டுபோவதும் அடங்கும். இரண்டு பேருக்கும் அடிபட்ட இடம் ஒன்றாக இருந்தாலும் நான் கொடுக்கும் பயிற்சி வேறு, வேலைக்கு அனுப்பும் நாள் வேறு. ஆகவே துருவித் துருவிக் கேட்பேன். எந்தக் கையால் பிடிப்பீர்கள்? எத்தனை படி? நின்றுகொண்டா, குந்திக்கொண்டா? லொறி வரும் நாள் எது?

கடந்த வருடம் வந்த ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்பவர். கூரைத் தகடுகளை இறக்கும்போது ஒரு தகடு வழுக்கி, வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. இரண்டு விரல்களை மடக்கும் தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்கள், அறுந்துபோயின.

வைத்தியசாலைக்குப் போகும் வழியில், முச்சக்கர வண்டிக்குள் வைத்தே முதலாளி சொல்லியிருக்கிறார்: "கடையில் நடந்தது என்று சொல்லாதே, பொலிஸ் பிரச்சினை வரும். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்." தம்பியும் வீட்டில் மீன் வெட்டும்போது கத்தி பட்டது என்று சொல்லிவிட்டார். வைத்தியசாலை அனுமதிச் சீட்டில் அப்படியே பதிவானது. அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. முதலாளி பார்த்துக்கொண்ட செலவு முச்சக்கர வண்டிக் கூலியும் இரண்டு சோற்றுப் பார்சலும்தான். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பயந்த மனிதர். ஆனால் அந்தப் பயத்தின் விலை தம்பியின் தலையில் விழுந்தது.

அறுந்த தசைநாணைத் தைத்தபின் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் கைகள் கெட்டுப்போகின்றன. தையல் பிரித்ததும் வெளித்தோல் அழகாக ஒட்டியிருக்கும். பார்ப்பவர்கள் கை சுகமாகிவிட்டது என்பார்கள். உள்ளே தைத்த தசைநாணோ அப்போதும் நூலின் பலத்தில்தான் நிற்கும். அசைக்காமல் வைத்தால் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு விரல் மடங்காது. வேகமாக அசைத்தால் தையல் விட்டுப்போகும். அதனால்தான் விரல்களை வளைத்து வைக்கும் ஸ்ப்ளின்ட் ஒன்றைப் போட்டு, அதற்குள்ளேயே, சத்திரசிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே, அளந்த அசைவுகளைத் தொடங்குகிறோம். ஸ்ப்ளின்ட் ஏறக்குறைய 6 வாரம். பாரம் தூக்குவதற்கு 12 வாரமாவது பொறுக்க வேண்டும்.

தம்பி நான்காம் வாரம் வரை ஒழுங்காக வந்தார். பிறகு முதலாளியின் அழைப்பு: "சும்மா வந்து உட்கார், பில் எழுது." நாட்சம்பளக்காரர், ஊரில் அம்மா காசை எதிர்பார்க்கிறார், போய்விட்டார். இரண்டு நாள் பில் எழுதினார். மூன்றாம் நாள் லொறி வந்தது. மற்றவர்கள் ஓடி ஓடி இறக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்ததாம். ஸ்ப்ளின்டைக் கழற்றிவிட்டு ஒரேயொரு குழாயைப் பிடித்திருக்கிறார். உள்ளங்கைக்குள் ஏதோ அறுந்ததை உணர்ந்ததாகச் சொன்னார். விரல் மடங்கவில்லை. மறுபடியும் சத்திரசிகிச்சை, மறுபடியும் முதல் வாரம்.

என் பிழையும் இதில் இருக்கிறது. எப்போது வேலைக்குப் போகலாம் என்று அவர் கேட்டிருந்தார். "கொஞ்ச நாள் பொறுங்கள்" என்று சொன்னேன். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? இப்போதெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன்: இந்தத் திகதி வரை வலது கையால் எதையும் பிடிக்கக் கூடாது, இடது கையால் எழுதலாம், தொலைபேசி எடுக்கலாம், லொறி இறக்கக் கூடாது. முதலாளியிடம் காட்டச் சொல்வேன். சிலர் மதிப்பார்கள், சிலர் மதிக்கமாட்டார்கள். ஆனால் வாயால் மறுக்கக் கூச்சப்படுகிறவருக்கு அந்தத் தாள் உதவுகிறது.

முதுகு பிடித்துக்கொண்டவர்களின் கதை நேர்மாறு. மூட்டை தூக்கும்போது பிடித்துக்கொண்டது என்று வருகிறவருக்கு வீட்டார் மூன்று வாரம் படுக்கை விதித்திருப்பார்கள். சாதாரணப் பிடிப்புக்கு நீண்ட படுக்கை கெடுதல். முடிந்தவரை நடமாடினால்தான் விரைவில் குணமாகும். ஆனால் சிறுநீர் கழிப்பதில் சிக்கல், உட்காரும் பகுதியைச் சுற்றி மரத்துப்போதல், காலில் பலக்குறைவு, இவற்றில் ஒன்று வந்தாலும் என்னிடம் வராதீர்கள். 1990 அம்புலன்ஸை அழைத்து நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

முறிவு நெரிவு பார்க்கும் நாட்டு வைத்தியரிடம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தை: முதலில் எக்ஸ்ரே. தைத்த தசைநாணின் மேல் எண்ணெய் போட்டு இழுத்து உருவுவதை மட்டும் கெஞ்சியாவது தடுப்பேன்.

இனி அந்தப் பொய்க்கு வருகிறேன். இரண்டாம் சத்திரசிகிச்சைக்குப் பிறகுதான் தம்பிக்கு நட்டஈடு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது வேலை காரணமாக ஏற்படும் விபத்துக்கு முதலாளியே பொறுப்பு. அவர் காப்புறுதி எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும் பொறுப்பு அவருடையதே. 2022இல் வந்த திருத்தம், வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் சேர்த்துக்கொண்டது. "உன் கவனக்குறைவால்தானே வெட்டியது" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல் போன்றவைதான் விலக்கு. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினாலும் அந்த உரிமை போய்விடாது.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், விபத்து வேலையிடத்தில் நடந்தது என்று காட்ட வேண்டும். அனுமதிச் சீட்டில் மீன் வெட்டிய கதை இருந்தால் எதைக் காட்டுவது? தம்பிக்கு உதவியது ஒரு கைத்தொலைபேசிப் படம். கூட வேலை செய்தவர், இரத்தம் படிந்த தகட்டை அன்றே படமெடுத்து ஊருக்கு அனுப்பியிருந்தார். அதோடு, "லொறி வந்தது, தகடு வெட்டிவிட்டது" என்று முதலாளியே அனுப்பிய குரல்பதிவு ஒன்றும் கிடைத்தது. நாரஹேன்பிட்டியிலுள்ள தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகத்துக்குப் போகும்போது, நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகச் சொன்னேன். எக்ஸ்ரேயை மெத்தைக்கு அடியில் மடித்து வைத்திருந்தார்! சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களை நான் கொழும்பு புதுக்கடைப் பகுதியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புவேன்.

வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாகவும், முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவராகவும் இருந்தால், ஒழுக்கக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவை என்கிறது 1971ஆம் ஆண்டுச் சட்டம். சின்னக் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் காப்பு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தம்பியின் கடையில் ஆறு பேர்.

ஆனாலும் முதலாளி அவரை நிறுத்தவில்லை. ஒருநாள் கூடவே வந்து என் முன்னால் உட்கார்ந்து, "எப்போது பழையபடி தூக்குவான்?" என்று கேட்டார். கடையிலிருந்து ஒரு குழாயைக் கொண்டுவாருங்கள் என்றேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அரையங்குலக் குழாய் ஒன்றுடன் தம்பி வந்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இன்னும் உள்ளங்கையைத் தொடவில்லை, ஒரு விரல்கடை இடைவெளி இருக்கிறது. குழாயை மேசைமேல் உருட்டிப் பிடிப்பது, பத்து எண்ணும்வரை வைத்திருப்பது, விடுவது. அடுத்த மாதம் முக்கால் அங்குலம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.