1-0-1 என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது

மருந்துச் சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலையும் இரவும் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? இதைக் கேட்காமலே பலர் கிளம்பிவிடுகிறார்கள். மருந்தாளுநராக எனக்குப் பெரிய கவலை இதுதான்.

தைராய்டு மாத்திரை சாப்பிடும் ஓர் அம்மா வந்திருந்தார். டோஸை ஏற்றியும், தைராய்டு ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் டிஎஸ்ஹெச் அளவு இறங்கவில்லை. “வெறும் வயித்துலதான் சார் போடுறேன்” என்றார். எதைக் குடித்துப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். காபி! டிபன் முடிந்த கையோடு கால்சியம் மாத்திரை வேறு. காபி, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாமே தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்சின் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு, காபிக்கும் டிபனுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியத்துக்கும் இரும்புச்சத்துக்கும் 4 மணி நேர இடைவெளி தேவை. மாற்றிக்கொண்டார். அடுத்த டெஸ்டில் டிஎஸ்ஹெச் இறங்கியிருந்தது.

பான்டப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போடுங்கள். வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டு, நெஞ்செரிச்சல் வந்த பிறகு போட்டால் உடனே கேட்காது.

சுகர் மாத்திரையில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போடுவது வயிற்றுக் குமட்டலைத் தவிர்க்க. கிளிமெபிரைடு அப்படியில்லை, அது இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும்; வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கமே வரலாம். வியர்வையும் நடுக்கமும் தெரிந்தவுடனே 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சஷ்டி விரதமோ ரம்ஜான் நோன்போ, இருப்பதற்கு முன்பே டாக்டரிடம் டோஸைக் கேட்டுக்கொள்ளுங்கள். தயவுசெய்து நீங்களாகவே முடிவெடுக்காதீர்கள்.

தூக்கத்துக்கும் கணக்கு உண்டு. நீர் பிரிவதற்கான மாத்திரையை ராத்திரி போட்டால் வயதானவர்கள் இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து நடந்து விழுகிறார்கள். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டை ஒரே வேளை எழுதியிருந்தால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதே நல்லது, ராத்திரி போட்டால் தூக்கம் கெடும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை தரும் அலென்ட்ரோனேட்டைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம்.

மாத்திரை வாங்கும்போது கவர் மேலேயே நேரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். கூட்டம் நிற்கிறதே என்று தயங்க வேண்டாம்.