சேற்றுப்புண் இருக்க "தடகள வீரர் பாதம்" எதற்கு?

"தடகள வீரர் பாதத்திற்கான மேற்பூச்சு பூஞ்சை எதிர்ப்புக் களிம்பு." மொழிபெயர்த்து வரும் நலக்குறிப்புகளில் இப்படி ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சில இடங்களில் "விளையாட்டு வீரரின் கால்" என்று வரும், சில இடங்களில் "அத்லெட் பாதம்". எல்லாமே ஆங்கிலத்தின் "அத்லெட்ஸ் ஃபுட்" என்ற நோய்ப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை. கால்விரல் இடுக்கில் அரிப்போடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் இதைப் படித்தால், இது தன் நோயைப் பற்றியது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஊரில் இதற்குப் பெயர் சேற்றுப்புண். "அண்ணே, சேத்துப்புண்ணுக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்டால் எந்த மருந்துக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். தடகள வீரர் பாதம் என்று கேட்டால் விழிப்பார்கள்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் அத்லோஸ் என்றால் போட்டி, அத்லோன் என்றால் பரிசு. அதிலிருந்து வந்தது அத்லெட். இந்த நோய்க்கு அத்லெட் பெயர் பரவியது 1920களின் கடைசியில், அமெரிக்காவில், மருந்து விளம்பரங்கள் வழியாக. உடற்பயிற்சிக் கூடங்களின் பொதுக் குளியலறைகளில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஒட்டுகிறது என்பதால் அந்தப் பெயர். மருத்துவர்கள் எழுதும் பெயர் டினியா பெடிஸ். டினியா என்பது லத்தீனில் துணி அரிக்கும் புழு, பெடிஸ் என்றால் பாதத்தினுடைய. புழு அரித்ததுபோல் தோல் போகிறது என்று பண்டை மருத்துவர்கள் கண்டதை வைத்த பெயர்.

சேற்றுப்புண்ணுக்கு இவ்வளவு சுற்று வேண்டாம். சேறு, புண், அவ்வளவுதான். சேறு என்பது வேற்றுமைப் புணர்ச்சியில் சேற்று என்றாகும், ஆறு ஆற்று என்றாவதுபோல. நாற்று நடுகிறவர், களை எடுக்கிறவர், மழைக்காலத்தில் தெருத் தண்ணீரில் நடக்கிறவர், மீன் சந்தையில் நாள் முழுக்க ஈரத்தரையில் நிற்கிறவர், எல்லாருக்கும் வருவது இது. சுண்டுவிரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் தொடங்கும். மற்ற இடுக்குகளைவிட அது நெருக்கமானது, காற்றுப் புகாது. விரலை விலக்கிப் பார்த்தால் தோல் வெளுத்து, ஊறி, நைந்து, உரித்தால் பாளமாக வரும். அடியில் சிவந்த பிளவு இருக்கும். தண்ணீர் பட்டால் எரியும்.

"சேற்றுப்புண் அறிவியலாகாது, காரணம் சேறு இல்லை, பூஞ்சைதானே" என்று ஒரு வாதம் வைக்கிறார்கள். அந்தக் கணக்கில் தடகள வீரரும் காரணம் இல்லை. இரண்டு பெயருமே சூழலைச் சொல்கின்றன. எந்தப் பெயர் நம் ஊர்ச் சூழலைச் சரியாகச் சொல்கிறது என்பதே கேள்வி. சேறு என்ற சொல்லுக்குள் ஈரம் இருக்கிறது, இந்த நோயின் உயிரே ஈரம்தான். டிரைகோஃபைட்டான் ரூப்ரம் போன்ற பூஞ்சைகள் தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்பவை. ஊறிய தோல் அவற்றுக்கு வழி திறந்துவிடுகிறது. ஆக, பெயரைக் கேட்டவுடனே "காலை ஈரமாக வைக்காதே" என்ற பாதி மருத்துவம் காதில் விழுந்துவிடுகிறது. வீரர் பெயரில் அது எங்கே இருக்கிறது?

இன்னொன்று, தடகளம் என்பது ஓட்டமும் தாண்டலும் எறிதலும். அமெரிக்கப் பேச்சில் அத்லெட் என்றால் விளையாடுகிற எவரும். தமிழில் அதைத் தடகள வீரர் ஆக்கியதும் கபடி ஆடுகிறவரும் நீச்சல்காரரும் வெளியே போய்விட்டார்கள். மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்தார், பொருளைப் பார்க்கவில்லை.

பாதம் என்ற சொல்லும் இங்கே பொருந்தவில்லை. தமிழில் நோய்க்குப் பெயர் வைக்கும்போது காலைத்தான் சொல்வோம்: யானைக்கால், கால் ஆணி. பாதம் என்றால் தொழுவதற்கு உரியது என்ற வாடை அதில் உண்டு. வீரர் பாதம் என்று சேர்த்தால் வாழ்த்துப் பாட்டில் வருவதுபோல் ஒலிக்கிறது. யானைக்காலை ஏற்றவர்கள் வீரர் காலை ஏன் ஏற்கக்கூடாது என்று கேட்கலாம். யானைக்கால் என்பது கண்ணால் காண்கிற உருவம். வீங்கிப் பருத்துத் தோல் தடித்த காலைப் பார்த்த எவருக்கும் அந்தப் பெயர் விளங்கும். வீரர் காலில் காண்பதற்கு என்ன இருக்கிறது?

சேற்றுப்புண்ணுக்கு எல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விரலிடுக்கில் வருவதற்கு அது கச்சிதம். ஆனால் இதே பூஞ்சை உள்ளங்கால் முழுதும் படர்ந்து, தோல் வறண்டு தடித்து, மாவு தூவியதுபோல் செதில் உதிரும் வகையும் உண்டு. அதில் புண்ணும் இல்லை, சேறும் இல்லை. பித்தவெடிப்பு என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். உடம்பில் வரும் பூஞ்சைக்குப் படை, படர்தாமரை என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. அதையொட்டி இதை உள்ளங்கால் படை என்றால் போதும். காற்படை என்று சுருக்கலாமே என்றால், காலாட்படை நினைவுக்கு வந்து குழப்பும்.

இனி மருந்தின் பெயர். அதில்தான் குழப்பம் கூடுதல்.

பூஞ்சைக்கொல்லி என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் உழவுக்கு உரியது. மாங்கோசெப், கார்பன்டாசிம் போன்ற பயிர் மருந்துகளுக்கு அது சரியாக வழங்குகிறது. உரக்கடையில் பூஞ்சைக்கொல்லி கேட்டால் பயிருக்குத் தெளிப்பதைக் கொடுப்பார்கள். உடம்பில் பூசுவதற்கும் வயலில் தெளிப்பதற்கும் ஒரே சொல்லை வைப்பது ஆபத்து. அதைவிடப் பெரிய பிழை, எல்லாக் கிரீமும் கொல்வதில்லை.

பூஞ்சையின் உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வு குலையாமல் இருக்க எர்கோஸ்டெரால் என்ற பொருள் தேவை. நம் உயிரணுக்களில் அந்த வேலையைக் கொலஸ்ட்ரால் பார்க்கிறது. இந்த வேறுபாட்டால்தான் பெரும்பாலான மருந்துகள் நம் தோலை விட்டுவிட்டுப் பூஞ்சையைப் பிடிக்கின்றன. குளோட்ரிமசோல் 1%, மைக்கோனசோல் 2%, கீட்டோகோனசோல் 2% ஆகிய மருந்துகள் எர்கோஸ்டெரால் உருவாகும் வழியில் பிந்திய ஒரு கட்டத்தை அடைக்கின்றன. சவ்வு ஓட்டையாகி வளர்ச்சி நிற்கும். கிரீமில் உள்ள அளவில் இவை பெரும்பாலும் பூஞ்சையை முடக்குகின்றன, உடனே சாகடிப்பதில்லை. முடங்கியது தோலோடு உதிர்ந்து போக வேண்டும், அதற்கு வாரங்கள் ஆகும். டெர்பினாஃபின் 1% அந்த வழியின் முன்கட்டத்திலேயே குறுக்கே நிற்கிறது. எர்கோஸ்டெரால் குறைவதோடு, எர்கோஸ்டெராலாக மாறாமல் தேங்கிப்போன ஸ்குவாலீன் என்ற மூலப்பொருள் பூஞ்சைக்கே நஞ்சாகி அதைக் கொல்கிறது. மேலும் இது தோலின் மேலடுக்கில் தங்கி, பூசுவதை நிறுத்திய பிறகும் சில நாள் வேலை செய்யும்.

அதனால்தான் கால அளவு மாறுகிறது. விரலிடுக்குக்குக் குளோட்ரிமசோல் என்றால் தினம் இரண்டு வேளை, 4 வாரம். டெர்பினாஃபின் தினம் இரண்டு வேளை, 1 வாரம். உள்ளங்காலில் என்றால் 2 வாரம். லூலிகோனசோல் 1% என்ற இன்னொரு மருந்து விரலிடுக்குக்குத் தினம் ஒரு வேளை, 2 வாரம். குளோட்ரிமசோலுக்குக் கொல்லி என்று பெயர் வைத்தால், நான்காம் நாள் அரிப்பு நின்றதும் "செத்துவிட்டது" என்று டியூபை மூடிவிடுவார்கள். முடங்கிக் கிடந்தது அடுத்த மழையில் எழுந்துவிடும். திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூஞ்சை எதிர்ப்பு மருந்து என்பது மற்றொரு வழக்கு. கேட்க ஒழுங்காக இருந்தாலும் இடறுகிறது. "இந்தியாவில் பூஞ்சை எதிர்ப்பு பெருகுகிறது" என்ற தலைப்பைப் பாருங்கள். நாம் பூஞ்சையை எதிர்ப்பதா, பூஞ்சை மருந்தை எதிர்ப்பதா? இது வெறும் இலக்கணச் சிக்கல் இல்லை. டெர்பினாஃபினுக்கு அடங்காத டிரைகோஃபைட்டான் இன்டோடினியே என்ற வகை தொடை இடுக்கிலும் இடுப்பிலும் படையாகப் படர்ந்து நம் நாட்டில் பெரும் தொல்லையாகியிருக்கிறது. மருந்துக்கு அடங்காமையைப் பற்றித் தெளிவாக எழுத வேண்டிய காலத்தில், எதிர்ப்பு என்ற ஒரே சொல்லை மருந்துக்கும் நோய்க்கிருமிக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது வாசகருக்குச் செய்யும் கெடுதி.

தமிழ் இதற்கு எதிர் என்றோ கொல்லி என்றோ முன்பின் ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. இருமல் மருந்து, தலைவலி மாத்திரை, கொசு மருந்து, எலி மருந்து. இருமல் மருந்து குடித்தால் இருமல் வரும் என்று எவரும் நினைத்ததில்லை. அதேபோல் பூஞ்சை மருந்து, சேற்றுப்புண் கிரீம். ஆங்கிலத்தில் "ஆன்ட்டி" என்ற முன்னொட்டு இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. இலங்கைப் பாடநூல்களில் பூஞ்சையைப் பங்கசு என்றே எழுதுகிறார்கள், அங்கே அதுவே விளங்கும். தமிழ்நாட்டில் "ஆள் பூஞ்சை" என்றால் வலுவில்லாதவர் என்று இன்னொரு பொருள் உண்டென்றாலும், நோய்ப் பேச்சில் குழப்பம் வருவதில்லை.

களிம்பு பற்றியும் ஒரு வார்த்தை. களிம்புக்குச் செம்புப் பாத்திரத்தில் ஏறும் பச்சைக் கறை என்ற பொருளும் உண்டு. செம்பில் களிம்புபோல் உயிரில் ஆணவம் என்று சைவ சித்தாந்தம் சொல்வது அதைத்தான். பூசும் மருந்துக்கும் அந்தப் பெயர் வழங்குகிறது, தவறில்லை. ஆனால் களிம்பு என்றால் எண்ணெய்ப் பசை மிகுந்த ஆயின்ட்மென்ட். பென்சாயிக் அமிலம் 6%, சாலிசிலிக் அமிலம் 3% சேர்ந்த பழைய விட்ஃபீல்டு மருந்து உண்மையான களிம்பு. கிரீம் என்பது தண்ணீரும் எண்ணெயும் கலந்தது, தோலில் ஊறி மறையும். ஏற்கெனவே ஊறிப்போன விரலிடுக்கில் எண்ணெய்ப் பசையை அப்பினால் ஈரம் உள்ளேயே அடைபடும். அதனால் அங்கே கிரீம்தான் வேண்டும், இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. கிரீமுக்கு நல்ல தமிழ்ச்சொல் நிலைபெறும்வரை கிரீம் என்றே எழுதலாம். தூய்மைக்காகத் தவறான மருந்தை வாங்க வைப்பது எந்த மொழிப்பற்றிலும் சேராது.

சொல் குழம்பினால் மருந்தும் குழம்பும் என்பதற்குக் கடையில் விற்கும் கூட்டுக் கிரீம்களே சான்று. பூஞ்சை மருந்தோடு கிளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் பாக்டீரியா மருந்தையும் சேர்த்து ஒரே டியூபில் அடைத்தவை. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் இரண்டு நாளில் அடக்கும், கூடவே தோலின் தற்காப்பையும் அடக்கும். பூஞ்சை சத்தமில்லாமல் பரவும், விளிம்பு மங்கி உருவம் மாறி மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். 2018இல் மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய பட்டியலில் அரசு சேர்த்தது. மக்கள் கேட்பது "அரிப்புக் களிம்பு". அந்தப் பெயரில் இந்தக் கூட்டுக் கிரீமும் கைக்கு வந்துவிடும். பூஞ்சை மருந்து என்று பெயர் சொல்லிக் கேட்கப் பழகினால், டியூபில் வேறு என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வியும் கூடவே எழும்.

குறிப்பு எழுதுகிறவர்களுக்கு, "பாதிக்கப்பட்ட பகுதியைச் சுத்தம் செய்து உலர்த்திய பின் மெல்லிய அடுக்காகப் பிரயோகிக்கவும்" என்பதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

"காலைக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித் துணியால் ஒற்றி, ஈரம் போகும்வரை காய விடுங்கள். ஓர் இடுக்குக்குப் பயறு அளவு சேற்றுப்புண் கிரீம் போதும். புண்ணைத் தாண்டி இரண்டு விரல் அகலம் நல்ல தோலிலும் தடவுங்கள், பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைக் கடந்து இருக்கும். வெள்ளையாக அப்பாமல் மறையும்வரை தேயுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரிப்பு நின்றாலும் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். காலுறையைத் தினம் மாற்றுங்கள், ஈரச் செருப்பை வெயிலில் வையுங்கள். நாற்றம், பச்சை நிறக் கசிவு, வீக்கம் இருந்தால் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம், இந்தக் கிரீம் மட்டும் போதாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பிளவு கண்டதும் மருத்துவரிடம் காட்டுங்கள்."