மலையை அளக்கக் கணவாயைப் பாருங்கள்

எவரெஸ்ட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும் தென்சிகரத்தின் உயரம் 8749 மீட்டர். உலகின் இரண்டாவது உயரமான மலை என்று பள்ளியில் படித்த கே-2வோ 8611 மீட்டர்தான். அப்படியானால் இரண்டாம் இடம் தென்சிகரத்துக்கு அல்லவா போக வேண்டும்? போவதில்லை. கஞ்சன்ஜங்காவை ஒட்டிய யாலுங் காங் 8505 மீட்டர். மக்காலு 8485 மீட்டர். இருந்தாலும் ஐந்தாம் இடத்தில் மக்காலுவைத்தான் வைக்கிறார்கள். உயரம் மட்டுமே கணக்கு என்றால் இந்தப் பட்டியல் நிற்காது. எது தனி மலை, எது பெரிய மலையின் தோள் என்று பிரித்துச் சொல்ல வேறோர் அளவு வேண்டும். அந்த அளவுக்குப் புடைப்பு என்று பெயர்.

ஒரு சிகரத்திலிருந்து அதைவிட உயரமான வேறொரு சிகரத்துக்குத் தரைவழியாகவே போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த வழியில் போனாலும் கொஞ்சமாவது இறங்கித்தான் ஏற வேண்டியிருக்கும். இருப்பதிலேயே குறைவாக இறங்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அந்த வழியின் மிகத் தாழ்ந்த இடம் ஒரு கணவாயாக இருக்கும். சிகரத்தின் உயரத்திலிருந்து அந்தக் கணவாயின் உயரத்தைக் கழித்தால் வருவதுதான் புடைப்பு.

வடசென்னை தட்டையான நிலம். ஆனால் மேடு பள்ளத்தை அங்குலக் கணக்கில் தெரிந்து வைத்திருப்பவர்கள் இங்கேதான் அதிகம் என்பேன். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் கார்த்திகை மழை வலுத்தால் தெருவில் முதல் வேலை பைக்கை மேட்டுக்குத் தள்ளுவதுதான். ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். பிள்ளையார் கோயில் வாசல், தெருவின் பள்ளமான இடத்தைவிட மூன்றடி உயரம். தெருக்கோடியில் பாலத்தின் ஏற்றம், பத்தடி. இரண்டுக்கும் நடுவே டீக்கடை வாசல் ஓரடி உயரத்தில் இருக்கிறது; கோயிலிலிருந்து பாலத்துக்குப் போக அதைவிட மேடான வழி கிடையாது. தண்ணீர் ஓரடியைத் தாண்டிய நொடியில் டீக்கடை வாசல் மூழ்கும், கோயில் மேடு தீவாகிவிடும். அதற்குப் பிறகு அங்கே நிற்கும் பைக்கை நனையாமல் பாலத்துக்குக் கொண்டுபோக முடியாது. கோயில் மேட்டின் புடைப்பு இரண்டடி. அதைத் தீர்மானித்தது கோயிலும் அல்ல, பாலமும் அல்ல, டீக்கடை வாசல். நாளைக்கே மாநகராட்சி அந்த இடத்தில் அரையடிக்குத் தார் போட்டால், கோயில் மேட்டில் ஒரு கல்லைக்கூட எடுக்காமலே அதன் புடைப்பு ஒன்றரை அடியாகக் குறைந்துவிடும்.

உலகம் முழுவதற்கும் இதையே கணினி செய்கிறது, தண்ணீரை வடிய விடும் திசையில். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினொரு நாட்கள் ரேடார் கொண்டு நிலப்பரப்பின் பெரும்பகுதியை அளந்தது. அப்படிப்பட்ட உயரத் தரவுகளில் முதலில் உலகமே மூழ்கியிருப்பதாக வைத்து, நீர்மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார்கள். முதலில் எவரெஸ்ட் தலைகாட்டும். பிறகு ஒவ்வொரு சிகரமும் ஒரு தீவாக எழும். இரண்டு தீவுகள் ஒட்டும் இடம் ஒரு கணவாய். ஒட்டும் கணத்தில், தாழ்ந்த சிகரத்தின் புடைப்பு முடிவாகிவிடும். அதற்குப் பிறகு அந்தத் தீவு உயரமான சிகரத்தின் பெயரில்தான் வளரும்.

இந்தக் கணக்கில் பட்டியல் தலைகீழாகிறது. எவரெஸ்ட்டைவிட உயரமாக எதுவும் இல்லாததால் அதன் முழு உயரத்தையே புடைப்பாகக் கொள்வது மரபு. இரண்டாவது, தென் அமெரிக்காவின் அகோன்காகுவா, 6961 மீட்டர். அடுத்து அலாஸ்காவின் தெனாலி. நான்காவது கிளிமஞ்சாரோ. அதன் உயரம் 5895 மீட்டர்தான். ஆசியாவில் 7000 மீட்டரைத் தாண்டிய சிகரங்களே நூற்றுக்கு மேல் உண்டு. ஆனால் கிளிமஞ்சாரோவிலிருந்து அதைவிட உயரமான மலைக்குப் போக ஆப்பிரிக்காவையே கடக்க வேண்டும். அந்த வழியின் தாழ்ந்த இடம் சூயஸ் நிலப்பாலம், கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்கள் மேலே. கால்வாய் மனிதன் வெட்டியது என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கே-2 இருபத்திரண்டாம் இடத்துக்கு இறங்குகிறது. உயரத்தில் நான்காவதான லோட்சேயின் (8516 மீட்டர்) கதி இன்னும் மோசம். எவரெஸ்ட்டுக்கும் அதற்கும் இடையே இருக்கும் தென் கணவாயே சுமார் 7906 மீட்டர் என்பதால், மிஞ்சுவது 610 மீட்டர்.

நம் தொட்டபெட்டாவின் புடைப்பு அதைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல்! உயரம் 2637 மீட்டர், புடைப்பு 2256 மீட்டர். காரணம் பாலக்காட்டுக் கணவாய். நீலகிரியிலிருந்து ஆனைமுடிக்குப் போக நினைப்பவர் அங்கே 381 மீட்டர்வரை இறங்கியே ஆக வேண்டும். ஆனைமுடி, தொட்டபெட்டாவைவிட 58 மீட்டர்தான் உயரம். அதன் புடைப்பு 2479 மீட்டர். அதைவிட உயரமான நிலத்துக்கு இமயமலைவரை போக வேண்டும் என்பதால், அதன் கணவாய் கங்கைக்கும் சிந்துவுக்கும் நடுவே நீர் பிரியும் வட இந்தியச் சமவெளியில் விழுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது கணவாயாகவே தெரியாது, கோதுமை விளையும் தட்டை நிலம். எனக்கு இந்த அளவில் மிகவும் பிடித்ததே இதுதான்: மூணாறு மலையின் தகுதியை ஹரியானா பக்கத்து வயல் தீர்மானிக்கிறது. 1500 மீட்டருக்கு மேல் புடைப்பு இருந்தால் அந்தச் சிகரத்தை ‘அல்ட்ரா’ என்பார்கள். இவை இரண்டும் அந்த வரிசையில் உண்டு.

இன்னொரு நல்ல குணமும் இதற்கு இருக்கிறது. உயரம் சொல்ல வேண்டுமானால் முதலில் கடல்மட்டம் எது என்று முடிவு செய்ய வேண்டும். அதற்காக 1909இல் இந்தியத் துறைமுகங்கள் ஒன்பதில் எடுத்த அலை அளவுகளை அடிப்படையாகக் கொண்டார்கள்; அவற்றுள் ஒன்று ராயபுரத்தை ஒட்டிய நம் சென்னைத் துறைமுகம். அந்த மட்டத்தில் ஓரடி பிழை இருந்தால் எல்லா மலைகளின் உயரத்திலும் ஓரடி பிழை இருக்கும். புடைப்பிலோ சிகரம், கணவாய் இரண்டிலும் அதே பிழை இருப்பதால் கழிக்கும்போது அடிபட்டுப் போகும்.

கணினி இல்லாமலும் இதைச் செய்து பார்க்கலாம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் ஏலகிரியோ ஜவ்வாதோ, பிடித்த மலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிகரத்தைச் சுற்றி மூடிய வளையமாக ஓடும் சம உயரக் கோடுகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பென்சிலால் தொடருங்கள். ஒரு கட்டத்தில் கோடு அகன்று, பக்கத்தில் இருக்கும் உயரமான சிகரத்தையும் சேர்த்து வளைத்துவிடும். அதற்கு முந்தைய வளையத்துக்கும் இந்தக் கோட்டுக்கும் இடையில்தான் கணவாய் இருக்கிறது. கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் வித்தியாசம் என்றால், உங்கள் விடையில் வரக்கூடிய பிழையும் அந்த 20 மீட்டருக்குள் அடங்கும்.